கூடை மறுபடி தலையில் ஏறுமுன்: கர்ப்பத்திலும் பிரசவத்துக்குப் பிறகும் இடுப்புத்தளப் பயிற்சி

தும்மினால் ஒன்றுக்கு வந்துவிடுகிறது. சிரித்தால் பாவாடை நனைகிறது. மாலையில் மலையிலிருந்து இறங்கும்போது அடியில் ஏதோ கனமாகத் தொங்குகிறது. மலையகத் தேயிலைத் தோட்டத்து லயத்தில் (வரிசை வீடுகளில்) இதைச் சொன்னால் பெரியவர்கள் ஒரே பதிலைத்தான் வைத்திருப்பார்கள்: "புள்ள பெத்தவளுக்கு அப்புடித்தான்." அப்படி விட்டுவிட வேண்டியதில்லை. பெரும்பாலும் இது தசை தளர்ந்ததால் வரும் கோளாறு. முறையாகப் பழக்கினால் பலருக்குக் குறையும், சிலருக்கு முற்றாக நிற்கும். காசு செலவில்லை, கருவி தேவையில்லை. குறைந்தது மூன்று மாதம் விடாமல் செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

எந்தத் தசை, ஏன் தளர்கிறது

அடிவயிற்றுக்குக் கீழே முன்பக்கம் கைக்குத் தட்டுப்படும் எலும்பிலிருந்து பின்னே வால் எலும்பு வரை, தொட்டில் சேலை கட்டியதுபோல ஒரு தசைத் தளம் இருக்கிறது. சிறுநீர்ப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் மூன்றும் அதன் மேல்தான் உட்கார்ந்திருக்கின்றன. சிறுநீர் வழி, பிறப்பு வழி, மலவாய் மூன்றும் அதன் ஊடாகத்தான் வெளியே வருகின்றன. இதைத்தான் இடுப்புத்தளத் தசை என்கிறோம்.

கர்ப்பத்தில் சுரக்கும் ஹோர்மோன்கள் மூட்டு நாண்களை இளக்குகின்றன. வயிற்றுப் பாரம் மாதக்கணக்காகத் தளத்தை அமுக்குகிறது. பிரசவத்தில் அது பல மடங்கு இழுபடுகிறது, சிலருக்குக் கிழிகிறது. இவ்வளவும் எந்த ஊர்ப் பெண்ணுக்கும் பொது. தோட்டத்துப் பெண்ணுக்கு இதற்கு மேல் சில பாரங்கள் உண்டு: தலையில் கயிறு மாட்டித் தொங்கும் கொழுந்துக் கூடை, மழை நாளில் ஈரக் கொழுந்தின் கூடுதல் எடை, விறகுக் கட்டு, பீலித் தண்ணீர்க் குடம், செங்குத்தான படிகள், விறகடுப்புப் புகையால் விடாத இருமல். ஒவ்வொரு முறையும் மூச்சை அடக்கித் தூக்கும்போது வயிற்றுக்குள் ஏறும் அழுத்தம் நேரே கீழே அந்தத் தளத்தில்தான் விழுகிறது.

முதலில் தசையைக் கண்டுபிடியுங்கள்

அமெரிக்கப் பெண்நோய் மருத்துவர் ஆர்னல்ட் கீகல் 1948இல் எழுதியதால் இதற்குக் கீகல் பயிற்சி என்று பேர். பேர் தெரிந்தவர்கள் பலர், சரியாகச் செய்பவர்கள் குறைவு. சுருக்குவதாக நினைத்துக்கொண்டு முக்குகிறவர்கள் நிறைய. முக்கினால் தளம் மேலே ஏறாது, இன்னும் கீழே இறங்கும். அப்படி மூன்று மாதம் செய்தால் மூன்று மாதம் கேடுதான்.

மல்லாந்து அல்லது ஒருக்களித்துப் படுத்து முழங்கால்களை மடக்குங்கள். ஒரு கையை அடிவயிற்றில் வையுங்கள். நாலு பேர் நடுவில் காற்றுப் பிரியாமல் அடக்குவதுபோல மலவாயைச் சுருக்குங்கள். அந்தச் சுருக்கத்தை விடாமல், ஒன்றுக்கு அடக்குவதுபோல முன்பக்கமும் சேர்த்து, இரண்டையும் உள்ளே மேல்நோக்கி இழுங்கள். பிறகு மெதுவாக, முழுவதுமாக விடுங்கள்.

சரியாகச் செய்தால் வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு ஒன்றும் தெரியாது. பின்புறம் இறுகக்கூடாது, தொடைகள் ஒட்டக்கூடாது, வயிறு கையைத் தள்ளிக்கொண்டு புடைக்கக்கூடாது, மூச்சு நிற்கக்கூடாது. மூச்சு நிற்கிறதா என்று பார்க்க வாய்விட்டு எண்ணுங்கள், பேச்சு வந்தால் மூச்சும் ஓடுகிறது. சந்தேகம் தீராவிட்டால் சின்னக் கண்ணாடி ஒன்றைக் கால்களுக்கு நடுவே பிடித்துப் பாருங்கள். சுருக்கும்போது மலவாய்க்கும் பிறப்பு வழிக்கும் இடைப்பட்ட தசை உள்ளே ஏறினால் சரி. வெளியே பிதுங்கினால் நிறுத்திவிட்டு மறுபடி முதலிலிருந்து. பிள்ளை பெற்று 6 வாரம் கழிந்து, புண்ணும் ஆறியவர்கள் கழுவிய விரலைப் பிறப்பு வழியில் வைத்துச் சுருக்கினால், விரலைச் சுற்றி இறுகி உள்ளே இழுப்பது தெரியும்.

ஒன்றுக்குப் போகும்போது பாதியில் நிறுத்திப் பார்க்கச் சொல்வார்கள். அதைப் பயிற்சியாக வைத்துக்கொள்ளாதீர்கள். சிறுநீர் முழுதாக வெளியேறாமல் தங்கும் பழக்கம் வந்துவிடும்; தங்கினால் கிருமி பிடிக்கும்.

எவ்வளவு, எப்போது

ஒரு தடவைக்கு 8 மெதுச் சுருக்கம். ஒவ்வொன்றும் 6 முதல் 8 வினாடி பிடித்து, அதே அளவு நேரம் தளர விட வேண்டும். அதன்பிறகு 8 வேகச் சுருக்கம்: இழு, விடு, இழு, விடு. இப்படி நாளுக்கு 3 தடவை. தொடக்கத்தில் 3 வினாடிகூடப் பிடிக்க முடியாமல் நழுவலாம். அப்படியானால் 3 வினாடியில் தொடங்கி, இரண்டு மூன்று நாளுக்கு ஒரு வினாடி கூட்டுங்கள். நழுவிய பின்னும் இழுத்துக்கொண்டிருந்தால் தொடையும் பின்புறமும்தான் வேலை செய்யும்.

தளர விடும் பாதியைப் பலர் விழுங்கிவிடுகிறார்கள். முழுதாக விடாத தசை களைத்து இறுகி வலிக்கும். 8 வினாடி பிடித்தால் 8 வினாடி விடுங்கள், அதில் அவசரம் வேண்டாம்.

முதல் இரண்டு வாரம் படுத்தபடி. பிறகு உட்கார்ந்து. அதற்குப் பிறகு நின்று. நின்று செய்யும்போது உறுப்புகளின் பாரம் தளத்தின் மேல் விழுவதால் கடினமாக இருக்கும், ஆனால் நமக்குத் தேவையான பலம் நிற்கும்போதும் நடக்கும்போதும்தான். தனியாக நேரம் ஒதுக்கினால் நாலாம் நாள் மறந்துவிடும். காலையில் பல் தேய்க்கையில் ஒன்று, பிள்ளைக்குப் பால் கொடுக்கையில் ஒன்று, கொழுந்து நிறுக்க வரிசையில் நிற்கையில் ஒன்று என்று ஏற்கெனவே இருக்கும் வேலையோடு முடிச்சுப் போடுங்கள்.

இதைவிட உடனே பலன் தருவது ஒரு சின்னப் பழக்கம். இருமல், தும்மல், சிரிப்பு வரப்போகிறது என்று தெரிந்த அந்த நொடியிலேயே தசையைச் சுருக்கி, அது முடியும்வரை பிடிக்க வேண்டும். குடம் தூக்குமுன்பும் கூடை மாட்டுமுன்பும் அதேபோல. முந்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டு அழுத்தத்தை வரவிடுவது மாதிரி. முதலில் தினம் பத்துத் தடவை பொய்யாக இருமிப் பழகுங்கள். கொஞ்ச நாளில் உடம்பு தானாகவே முந்திக்கொள்ளும்.

இந்தச் சுருக்கும் பயிற்சி எல்லோருக்கும் பொருந்தாது. தாம்பத்திய உறவில் வலி, ஒன்றுக்கு உட்கார்ந்தும் தொடங்கச் சிரமம், இடுப்புக்குள் விடாத இறுக்கம், இப்படி இருப்பவர்களுக்குத் தசை தளரவில்லை, இறுகிக் கிடக்கிறது. அவர்கள் சுருக்கினால் வலி கூடும். அவர்களுக்கு வேண்டியது மூச்சு: படுத்து, வயிறு மேலெழும்படி மூக்கால் 4 எண்ணும்வரை இழுத்து, 6 எண்ணும்வரை வாயால் விடுவது, ஒரு நாளைக்கு இரண்டு வேளை ஐந்து நிமிடம். மூச்சு உள்ளே போகும்போது அடித்தளம் இறங்கி விரிவதைக் கவனியுங்கள். கர்ப்பிணியாக இருந்தால் இதை ஒருக்களித்துப் படுத்துச் செய்யலாம். இவர்கள் பிசியோதெரபி கிளினிக்குக்குப் போவது அவசியம்.

வயிற்றில் பிள்ளை இருக்கும்போது

கர்ப்பம் உறுதியான நாளிலிருந்தே மேலே சொன்ன பயிற்சியைத் தொடங்கலாம். தடை ஏதும் இல்லை என்று கிளினிக்கில் கேட்டுக்கொண்டு, மற்ற அசைவுகளையும் சேர்க்கலாம். 20 வாரத்துக்குப் பிறகு மல்லாந்து நெடுநேரம் படுக்க வேண்டாம். கர்ப்பப்பை பெரிய இரத்தக் குழாயை அமுக்கித் தலை சுற்றும். தூங்குவதும் 28 வாரத்திலிருந்து ஒருக்களித்தே.

முதுகு வலிக்கு: கையும் முழங்காலும் தரையில் ஊன்றிப் பூனைபோல நின்று, மூச்சை விட்டபடி முதுகை மேலே வளைத்து, மூச்சை இழுத்தபடி நேராக்குங்கள், 10 தடவை. முதுகைக் கீழே குழிய விட வேண்டாம். தரையில் முடியாவிட்டால் சுவரில் முதுகைச் சாய்த்து நின்று, இடுப்பின் பின்வளைவு சுவரைத் தொடும்படி அமுக்கி விடலாம். கெண்டைக்கால் குரக்குக்குப் படுக்குமுன் குதிகாலைத் தரையில் ஊன்றிக் கெண்டைச் சதையை இழுத்து 30 வினாடி வையுங்கள்.

முன்பக்க எலும்பு மூட்டிலும் பின்னிடுப்பிலும் குத்தும் வலி வேறு விஷயம். கட்டிலில் புரள, படி ஏற, ஒரு காலில் நின்று பாவாடை கட்ட, எதற்கும் குத்தும். இளகிய இடுப்பு மூட்டுகள் சமமாக அசையாமல் இழுபடுவதுதான் காரணம். இதற்கு மருந்தைவிட நடை முறையை மாற்றுவது உதவும்.

புரளும்போது இரண்டு முழங்காலையும் சேர்த்து, நடுவே தலையணை வைத்து, தோளும் இடுப்பும் ஒன்றாகத் திரும்புங்கள். உடுப்பு மாற்ற உட்காருங்கள். படியில் ஒரு காலை வைத்து, மற்றக் காலையும் அதே படிக்குக் கொண்டுவந்து, பிறகு அடுத்த படி. ஏறும்போது வலியில்லாத கால் முந்தட்டும், இறங்கும்போது வலிக்கும் கால் முந்தட்டும். மலையில் நேர்க்குத்தாக இறங்காமல் குறுக்குப் பாதையில் சின்ன எட்டாக வளைந்து வளைந்து இறங்குங்கள். கானை (வடிகாலை) தாண்டக் காலை அகட்டிப் போடாதீர்கள். சுற்றிப் போனாலும் பரவாயில்லை. குடத்தை ஒரு பக்க இடுப்பில் வைப்பதும் மூத்த பிள்ளையை இடுப்பில் ஏற்றுவதும்தான் இந்த வலிக்கு முதல் எதிரி. ஒரு முழுக் குடத்துக்குப் பதில் இரண்டு கைக்கும் இரண்டு சின்னப் போத்தல், இரண்டு நடை.

வலி மிஞ்சினால் இடுப்புப் பட்டி உதவும். கடைப் பட்டி இல்லாவிட்டால் நாலு விரலைவிடக் கொஞ்சம் அகலமாக மடித்த பருத்திச் சேலைத் துண்டு போதும். கட்டும் இடம் முக்கியம்: வயிற்றுக்கு மேல் அல்ல, வயிற்றுக்குக் கீழே, பக்கவாட்டில் தொடையெலும்பின் மேல்முனை தட்டுப்படும் மட்டத்தில். உள்ளங்கை நுழையும் இறுக்கம் போதும். நடக்கும்போது கட்டி, படுக்கும்போது அவிழ்க்க வேண்டும்.

தலைப்பிரசவக்காரருக்கு ஒரு விஷயம். 35 வாரத்திலிருந்து வாரம் ஒன்றிரண்டு தடவை பிறப்பு வாயின் கீழ்விளிம்பை நீவிவிட்டால் கிழிசலும் தையலும் குறையும் என்பதற்கு நல்ல ஆதாரம் உண்டு. நகம் வெட்டி, கை கழுவி, சுத்தமான தேங்காயெண்ணெய் தொட்டு, பெருவிரலை 3 சென்ரிமீற்றர் அளவு உள்ளே வைத்து, மலவாய்ப் பக்கமாக அமுக்கி, எரிவு தெரியும் அளவில் ஒரு நிமிடம் பிடியுங்கள். பிறகு பிறை வடிவத்தில் பக்கவாட்டுக்கு நீவுங்கள். மொத்தம் ஐந்து நிமிடம். பன்னீர்க்குடம் உடைந்திருந்தால், நஞ்சுக்கொடி கீழே இருப்பதாகச் சொல்லியிருந்தால், கிருமித் தொற்று இருந்தால் செய்யக்கூடாது.

பிள்ளை பெற்ற பிறகு

இலங்கைச் சட்டப்படி கிடைக்கும் பிரசவ விடுமுறை 12 வாரம். அது முடிந்ததும் கூடை தலைக்கு வரும், ஆகவே இந்த நாட்களைச் சும்மா விடக்கூடாது.

சுகப்பிரசவமானால் மறுநாளே மெதுவான சுருக்கத்தைத் தொடங்கலாம். சிறுநீர்க் குழாய் போட்டிருந்தால் அதை எடுத்து, தானாக ஒன்றுக்குப் போன பிறகு. தையல் இருந்தாலும் செய்யலாம். இரத்த ஓட்டம் கூடி வீக்கம் வடியும். முதல் இரண்டு நாளுக்குத் துணியில் சுற்றிய ஐஸ் கட்டியை 10 நிமிடம் வைப்பது நல்லது. கொதிக்கக் கொதிக்கத் தண்ணீரைத் தையலில் நேரே அடித்து ஊற்றுவது நல்லதல்ல. கட்டிலிலிருந்து எழும்போது நேரே நிமிராமல் ஒருக்களித்து, காலைத் தொங்கவிட்டு, கையை ஊன்றி எழுங்கள்.

தண்ணீர் குடித்தால் வயிறு பெருக்கும் என்று பச்சை உடம்புக்காரிக்குத் தண்ணீரை அளந்து கொடுக்கும் வீடுகள் இன்னும் உண்டு. பால் கொடுக்கிறவருக்கு அது நேர் விரோதம். மலம் இறுகும், முக்க வேண்டி வரும், தையலும் தளமும் அடிபடும். வயிறு கட்டுவதில் அளவு தெரிய வேண்டும். இதமாகக் கட்டினால் முதுகுக்குத் தாங்கல். மூச்சு முட்டக் கட்டினால் அழுத்தம் மேலே போக வழியின்றிக் கீழே தள்ளும். கட்டிய பிறகு அடியில் கனம் தெரிந்தால் தளர்த்துங்கள்.

சிசேரியன் என்றால்: இருமும்போது தலையணையைக் காயத்தின் மேல் அணைத்துப் பிடியுங்கள். 6 வாரத்துக்குப் பிள்ளையைவிடப் பாரமான எதையும் தூக்க வேண்டாம். பிள்ளை வயிற்று வழியாக வந்ததால் அடித்தளத்துக்குச் சேதமே இல்லை என்று நினைப்பது தவறு. ஒன்பது மாதப் பாரம் பாரம்தான். பயிற்சி அவர்களுக்கும் உண்டு. காயம் முழுதாக மூடிய பின், 6 வாரம் கழித்து, இரண்டு விரலால் தழும்பின் மேல் தோலை மேலும் கீழும், பக்கவாட்டிலும், சின்ன வட்டமாகவும் நகர்த்திவிடுங்கள், தினம் ஐந்து நிமிடம். எண்ணெயில் விரல் வழுக்கிப் போனால் பயனில்லை, அடிச்சதையோடு ஒட்டிய தோல் நகர வேண்டும். நீர் வடிந்தால், சிவந்து சுட்டால் தொடாதீர்கள்.

6 முதல் 8 வாரத்தில் வயிற்றுத் தசை பிளவைப் பாருங்கள். மல்லாந்து முழங்கால் மடக்கி, விரல்களைத் தொப்புளில் குறுக்காக வைத்து, தலையை மட்டும் கொஞ்சம் தூக்குங்கள். இரண்டு விரலுக்கு மேல் அகலமாகக் குழிந்தால், அல்லது நடு வயிறு கூரை முகடுபோலப் புடைத்தால் தசை இன்னும் சேரவில்லை. அவசரப்பட்டு "வயிறு குறைக்க" என்று படுத்து எழும் பயிற்சியும் இரண்டு காலையும் சேர்த்துத் தூக்கும் பயிற்சியும் செய்தால் புடைப்பு கூடும். பதிலாக, மூச்சை விட்டபடி அடித்தளத்தைச் சுருக்கி, கீழ்வயிற்றை முதுகுப் பக்கம் மெல்ல இழுத்து, ஒரு குதிகாலைத் தரையில் தேய்த்து நீட்டி மடக்குங்கள். பக்கத்துக்கு 10. முகடு எழும்பாதவரை கூட்டலாம். எழும்பினால் ஒரு படி பின்னே.

ஒன்றுக்கும் இரண்டுக்கும்

மலையில் கக்கூஸ் கிடையாது என்பதால் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் அடக்குகிறவர்கள் அநேகம். குறை அவர்களுடையதல்ல, ஆனால் பாடு அவர்களுக்குத்தான். தண்ணீர் குறைந்தால் சிறுநீர் கடுத்துப் பையை உறுத்தும், உறுத்தினால் அவசரம் கூடும், மலமும் இறுகும். நாளுக்கு ஒன்றரை முதல் இரண்டு லீற்றர் வேண்டும், பால் கொடுப்பவருக்கு இன்னும் கூட. ஒரே மூச்சில் குடிக்காமல் பரவலாகக் குடியுங்கள். கடுஞ்சாயத் தேத்தண்ணி அவசரத்தைக் கிளப்பும். நாலு கோப்பையை இரண்டாக்கிப் பாருங்கள். தேத்தண்ணியோடு இரும்புச்சத்து மாத்திரை போட்டால் சத்து ஒட்டாது, ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். அந்த மாத்திரை மலத்தைக் கறுப்பாக்கி இறுக்கும் என்பதும் தெரிந்திருக்கட்டும். கீரையும் பழமும் தண்ணீரும் சேர்த்தால் சமாளிக்கலாம். மாத்திரையை நிறுத்த வேண்டாம்.

அவசரம் வந்ததும் ஓடாதீர்கள். நின்று, அல்லது உட்கார்ந்து, ஐந்தாறு வேகச் சுருக்கம் செய்து, அலை அடங்கியதும் நடந்து போங்கள். அரை மணிக்கு ஒரு தடவை போகிறவர் இடைவெளியை வாரத்துக்கு 15 நிமிடம் கூட்டி, 3 மணி நேரம்வரை கொண்டுவரலாம்.

இரண்டுக்குப் போகக் குந்தும் கக்கூஸ் நல்லது, குந்தினால் மலக்குடல் நேராகும். கொமட் என்றால் காலடியில் சின்னப் பலகை வைத்து, முழங்கால் இடுப்பைவிட உயரட்டும், முன்னே சாயுங்கள். மூச்சடக்கி முக்காமல், வாயைத் திறந்து ஊதி விட்டபடி தள்ளுங்கள்.

கர்ப்பப்பை இறக்கம்

காலையில் ஒன்றுமில்லை, மாலையில் அடி கனக்கிறது, கழுவும்போது பந்துபோலத் தட்டுப்படுகிறது, படுத்தால் போய்விடுகிறது: இதுதான் அடையாளம். ஆரம்ப நிலை இறக்கத்துக்கு 16 வாரம் முறையான பயிற்சி கனத்தைக் குறைக்கும். வேலை முடிந்து வந்ததும் இடுப்புக்குக் கீழே தலையணை வைத்து 15 நிமிடம் படுத்து, அந்த நிலையிலேயே ஒரு சுற்றுச் சுருக்கம் செய்யலாம். வெளியே வந்து நிற்கும் இறக்கத்தைப் பயிற்சி மட்டும் உள்ளே ஏற்றாது. அதற்குப் பிறப்பு வழிக்குள் தாங்கு வளையம் வைப்பதும் அறுவையும் இருக்கின்றன. வெட்கப்பட்டு வருடக்கணக்கில் துணியை அடைத்துக்கொண்டு நடப்பவர்கள் உண்டு. புண்ணாகிக் கிருமி பிடிப்பதுதான் அதில் மிச்சம்.

கூடை மாட்டும்போது

தரையிலிருந்து நிறைந்த கூடையை முதுகுக்கு ஏற்றும் அந்த ஒரு அசைவில்தான் அழுத்தம் உச்சம். கூடையை இடுப்புயர மண்திட்டிலோ கல்லிலோ வையுங்கள். முதுகைக் கொடுத்து நின்று கயிற்றைத் தலையில் மாட்டுங்கள். கால்கள் தோளகலத்தில். தசையைச் சுருக்கி, மூச்சை ஊதி விட்டபடி எழுங்கள். திட்டு இல்லாத இடத்தில் பக்கத்து நிரையில் நிற்பவரிடம் தூக்கிவிடச் சொல்லுங்கள். திரும்பி வேலைக்குப் போகும் முதல் இரண்டு வாரம் பாதிக் கூடையிலேயே போய்க் கொட்டிவிட்டு வருவது நல்லது. நடை கூடும், கிலோ குறையலாம், கணக்கப்பிள்ளை முணுமுணுக்கலாம். மாலையில் கனமும் கசிவும் இல்லாவிட்டால் மூன்றாம் வாரம் பாரத்தைக் கூட்டுங்கள். கசிந்தால் அன்றைய பாரம் அதிகம் என்று அர்த்தம்.

எங்கே போவது, என்ன சொல்வது

முதலில் உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தர், நாம் மிட்வைஃப் என்று கூப்பிடுகிறவர். 35 வயதைத் தாண்டியவர்கள் சுவநாரி (பெண்கள் உடல்நலப் பரிசோதனை) கிளினிக்கிலும் சொல்லலாம். நுவரெலியா, பதுளை, கண்டி போன்ற பெரிய அரசாங்க வைத்தியசாலைகளில் பிசியோதெரபிப் பிரிவு இருக்கிறது. மருத்துவரின் பரிந்துரைத் துண்டோடு போனால் காசில்லாமல் பார்ப்பார்கள். "இடுப்பு வலி" என்று மட்டும் சொன்னால் வலி மாத்திரையோடு திரும்ப வேண்டி வரும். "இருமினால் ஒன்றுக்குப் போகிறது, நாளுக்கு இத்தனை தடவை, பிள்ளை பெற்று இத்தனை மாதம்" என்று சொல்லுங்கள். மூன்று நாள் எத்தனை மணிக்குப் போனீர்கள், எப்போது கசிந்தது என்று ஒரு கொப்பியில் குறித்துக்கொண்டு போனால் பாதி வேலை முடிந்தது.

இவற்றுக்குக் காத்திருக்கக்கூடாது: கர்ப்பத்தில் இரத்தம் அல்லது நீர் போவது, பிள்ளை அசைவு குறைவது, கடும் தலைவலியோடு கண் மங்குவது, பிரசவத்துக்குப் பின் காய்ச்சல், நாற்றமுள்ள ஒழுக்கு, துணி நனைய நனைய இரத்தம், ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலிப்பது, நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், எந்த நேரத்திலும் ஒன்றுக்கு வராமல் அடைத்துக்கொள்வது, தொடையிடுக்கு மரத்துப்போவது, கால் வலுவிழப்பது. 1990 என்ற எண்ணுக்கு அழைத்தால் வரும் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். கூப்பிடும்போது தோட்டத்தின் பேரோடு டிவிசனையும், வண்டி ஏறக்கூடிய கடைசிச் சந்தியையும் சொல்லுங்கள், நோயாளியை அங்கே கொண்டுவர ஆள் பிடித்துவிடுங்கள். மாதவிடாய் நின்று ஒரு வருடம் கழித்து இரத்தம் கண்டால் அவசர வண்டி தேவையில்லை, ஆனால் அந்த வாரத்துக்குள் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.